தாழ் எண் ஸ்பிரிங்ஃபீல்டு: ஒரு பழந்துப்பாக்கியின் மறைகுற்றம்

பழைய பொருளை விலைக்கு வாங்குபவர் அதன் தேய்மானத்தைத்தான் முதலில் பார்ப்பார். குழலின் உட்புறம் அரிக்கப்பட்டிருக்கிறதா, விசை தளர்ந்திருக்கிறதா, மரக்கட்டையில் விரிசல் உண்டா என்பவை கண்ணுக்கும் கைக்கும் அகப்படும் கேள்விகள். ஆனால் புதிதாய் வார்ப்படம் நீங்கி வெளிவந்த நாளிலேயே உள்ளே குற்றத்தைச் சுமந்துவந்த துப்பாக்கியை அப்படிக் கண்டுபிடிக்க இயலாது. அமெரிக்கத் தரைப்படையின் 1903 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் வரலாற்றில் இந்த இடர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது.

இந்த ரைஃபிள் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையிலும், இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டு ஆயுதச் சாலையிலும் செய்யப்பட்டது. அமைப்பு ஜெர்மானிய மவுசரைப் பெரிதும் ஒத்தது. அதற்காக அமெரிக்க அரசு மவுசர் நிறுவனத்துக்கு 2 லட்சம் டாலர் உரிமத்தொகை செலுத்த நேர்ந்தது என்பது தனிக் கதை. குழல், போல்ட், விசை ஆகிய அனைத்தையும் பிணைத்து நிற்கும் எஃகு உடலுக்கு ரிசீவர் என்று பெயர். தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கித் தள்ளும் விசை முழுவதையும் போல்ட்டின் வழியாக ஏற்பது அதுவே. சுடுபவரின் கண்ணிலிருந்து அது சில அங்குலத் தொலைவில்தான் இருக்கும்.

1917 ஜூலையில், அமெரிக்கா முதல் உலகப் போரில் நுழைந்து மூன்று மாதமே ஆகியிருந்த நிலையில், தோட்டாத் தொழிற்சாலை ஒன்றில் சோதனைக்காகச் சுடப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் ரிசீவர் சிதறியது. அதைத் தொடர்ந்து எழுந்த விசாரணை தோட்டாவில் தொடங்கி உலைக்களத்தில் சென்று முடிந்தது. தோட்டாவிலும் பிழை இருந்தது. பித்தளை உறையின் அடிப்பகுதி மென்மையாக இருந்தால் அது கிழிந்து, உயரழுத்த வாயு ரிசீவருக்குள் பாயும். 1903 மாதிரியில் உறையின் பின்விளிம்பு முழுவதுமாக எஃகால் தாங்கப்படுவதில்லை என்பதால் இந்த ஆபத்து சற்று மிகுதி. எனினும் நல்ல எஃகாலான ரிசீவர் அத்தகைய வாயுப் பாய்ச்சலில் வீங்கலாம், வளையலாம், பயனற்றுப் போகலாம். கண்ணாடியைப்போல் துண்டு துண்டாக உடைவதில்லை. உடைந்தது ஏன் என்பதே உண்மையான வினா.

விடை கொல்லர்களின் கண்ணில் இருந்தது. காய்ச்சிய எஃகு எப்போது அடிக்கத் தகுந்த பதத்தை அடைகிறது என்பதை, தலைமுறை அனுபவமுள்ள தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கொண்டே முடிவு செய்தனர். தமிழில் சோற்றுக்கும் வெல்லப்பாகுக்கும் இரும்புக்கும் பொதுவாக வழங்கும் 'பதம்' என்ற சொல், அளவுகோலுக்கு அகப்படாத இத்தகைய கைத்திறனையே குறிக்கிறது. ஆனால் நிறம் என்பது ஒளியைப் பொறுத்தது. பைரோமீட்டர் என்னும் வெப்பமானிகள் பொருத்தி அளந்தபோது, ஒரே தொழிலாளி 'சரியான நிறம்' என்று தீர்மானித்த வெப்பம், மேகம் மூடிய நாளைவிட வெயில் அடிக்கும் நாளில் 300 பாரன்ஹீட் பாகை வரை கூடுதலாக இருந்தது தெரியவந்தது. வெளிச்சம் மிகுந்த கூடத்தில் சிவந்த எஃகு மங்கலாகத் தெரியும். ஆகவே இன்னும் காய்ச்சுவார்கள். அளவு மீறிக் காய்ந்த எஃகின் உள்ளமைப்பு சிதைந்து, பார்வைக்குப் பழுதற்றதாகவும் அடிக்கு நொறுங்குவதாகவும் மாறிவிடும். உலோகவியலார் இதை எரிந்த எஃகு என்பர். தொழிலாளர்கள் மீது பழி சுமத்துவது எளிது. ஆனால் அவர்களிடம் அளவியை வழங்காமல் லட்சக்கணக்கில் உற்பத்தி கேட்டது நிர்வாகம்தான்.

வியப்புக்குரிய செய்தி வேறொன்று. இந்த ரிசீவர்கள் அனைத்தும் சோதனையில் தேறியவை. வழக்கமான தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 50,000 பவுண்டு என்றால், 70,000 பவுண்டு அழுத்தம் தரும் சிறப்புத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்த பின்னரே ஒவ்வொரு துப்பாக்கியும் ஏற்கப்பட்டது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமையும், திடீர் அதிர்ச்சியை உள்வாங்கும் இழுவைத்தன்மையும் எஃகில் வெவ்வேறு குணங்கள். முதல் குணத்தை மட்டுமே அந்தச் சோதனை அளந்தது. ஐரோப்பாவில் துப்பாக்கி வாங்குபவரைக் காக்க எழுந்த அமைப்புகள் அனைத்தும் இந்த முதல் குணத்தின் மீதே நின்றன. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637 இல் அரசப் பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. 1868 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சோதனை முத்திரை இல்லாத துப்பாக்கியையும், தேய்மானத்தால் முத்திரையின் தகுதியை இழந்த பழைய துப்பாக்கியையும் விற்பது இங்கிலாந்தில் குற்றம். வாங்குபவருக்கு இது பெரிய காப்பு. அமெரிக்காவில் அதற்கு நிகரான கட்டாயச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும் எரிந்த எஃகு முத்திரை பெற்றே வெளிவந்திருக்கும்.

திருத்தம் விரைவாகவே வந்தது. பைரோமீட்டர்கள் நிரந்தரமாயின, இரட்டை வெப்பப் பதனம் என்னும் புதுமுறை புகுந்தது. மேற்பரப்பு கடினமாகவும் உள்ளகம் இழுவையுடனும் அமையும்படி எஃகு மறுமுறை காய்ச்சி ஆற்றப்பட்டது. 1918 முற்பகுதியில் ஸ்பிரிங்ஃபீல்டில் 800,000 என்ற வரிசை எண்ணிலிருந்தும், அதே ஆண்டில் ராக் ஐலண்டில் 285,507 என்ற எண்ணிலிருந்தும் புதுமுறை ரிசீவர்கள் என்று எல்லை வகுக்கப்பட்டது. அதற்குக் கீழுள்ளவை 'தாழ் எண்' துப்பாக்கிகள் என்ற பெயரைப் பெற்றன. எண்ணிக்கையில் அவை பத்து லட்சத்துக்கும் மேல். அவற்றுள் எவை எரிந்தவை, எவை நல்லவை என்பதைப் பிரித்தறிய வழியில்லை. சுத்தியல் அடியில் நொறுங்கியவை உண்டு. பல குழல்கள் தேய்ந்து மாற்றப்பட்ட பின்னும் அசையாதவையும் உண்டு. மீண்டும் பதனம் செய்து பார்த்தார்கள். எரிந்த எஃகு மீளவில்லை.

1927 இல் கூடிய ஆய்வுக் குழு, தாழ் எண் துப்பாக்கிகள் அனைத்தையும் பணியிலிருந்து விலக்கலாம் என்று பரிந்துரைத்தது. படைக்கலத் துறையின் உயரதிகாரியான சாமுவேல் ஹாஃப் அதை முழுமையாக ஏற்கவில்லை. படைவீரர் கையில் இருப்பவை அப்படியே இருக்கட்டும். கிடங்கில் இருப்பவற்றைப் புதிதாக வழங்காமல் போர்க்கால இருப்பாக ஒதுக்கலாம். பழுதுபார்க்கத் திரும்பி வரும்போது ரிசீவரை அழிக்கலாம் என்பது அவர் வகுத்த வழி. பத்து லட்சத்தில் வெடித்தவை மிகச் சில என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது. படைத்தலைமைக்கு அது ஏற்கத்தக்க கணக்காக இருக்கலாம். ஆனால் அந்தப் பத்து லட்சத்தில் ஒன்றைத் தோளில் அணைத்துக் கன்னம் பதித்துச் சுடுகிற தனிமனிதருக்கு வகுக்கும் எண் ஒன்றுதான். அவ்வளவு ஐயத்துக்குரிய ஆயுதத்தைப் போர்க்கால இருப்பாக வைத்ததன் தருக்கமும் எளிதில் விளங்குவதன்று. 1942 இல் குவாடல்கனல் தீவில் இறங்கிய அமெரிக்க மரைன் படையினரிடம்கூடத் தாழ் எண் துப்பாக்கிகள் இருந்தன.

இவை படையின் கையோடு நிற்கவில்லை. 1905 முதல் அரசுத் துப்பாக்கிகளைக் குறிசுடும் கழகங்களுக்கு விற்கச் சட்டம் இடமளித்திருந்தது. உபரியாகவும் உதிரியாகவும் ஏராளமான தாழ் எண் ரிசீவர்கள் தனியார் கைக்குச் சென்றன. பிலடெல்பியா நகரத்துப் பட்டறை ஒன்று அத்தகைய ரிசீவர்களை வாங்கி, மறுபதனம் செய்ததாகச் சொல்லி, அழகிய வேட்டைத் துப்பாக்கிகளாக்கி விற்றது. அவற்றை நம்பி வாங்கியவர்கள் மேற்பூச்சையும் மரவேலையையும்தான் பார்த்திருக்க முடியும்.

இங்கே ஒரு துப்பாக்கியைப் 'படிப்பது' ஏறத்தாழ சுவடியைப் படிப்பதுபோல் ஆகிறது. குழலின் முனையருகே ஆயுதச் சாலையின் எழுத்துகளும் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அதில் 1930களின் ஆண்டைக் கண்டவர் துப்பாக்கியே அந்தக் காலத்தது என்று எண்ணிவிடுவார். உண்மையில் குழல் மாற்றப்பட்டிருக்கும். ரிசீவர் 1910 ஆம் ஆண்டினதாக இருக்கும். காலம் கணிக்க வேண்டிய இடம் ரிசீவரின் நெற்றியில் உள்ள வரிசை எண் மட்டுமே. அதுவும் போதாது. போல்ட்டுகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை என்பதால் உயர் எண் ரிசீவருக்குள் பழைய ஒற்றைப் பதன போல்ட் நுழைந்திருக்கக் கூடும். பழைய போல்ட்டின் கைப்பிடி நேராகக் கீழிறங்கும்; பின்வந்தவற்றில் சற்றே பின்னோக்கிச் சாயும். படை ஆவணங்களைத் தொகுத்து விபத்துகளின் பட்டியலை வெளியிட்ட ஜூலியன் ஹாட்சர், 1947 இல் வந்த தம் குறிப்பேட்டு நூலில் இவற்றை விரித்து எழுதியிராவிட்டால், இந்த அறிவு சில அதிகாரிகளோடு மறைந்திருக்கும்.

இன்றைக்கு அரசு உபரித் துப்பாக்கிகளை விற்கும் அமெரிக்கக் குடிமக்கள் குறிசுடல் அமைப்பு, மேற்சொன்ன இரண்டு எண்களுக்குக் கீழுள்ள எதையும் சுட வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரிக்கிறது. சுடத் தகாதது என்பதற்காக அவற்றின் விலை வீழ்ந்துவிடவில்லை. மாற்றம் காணாத தொடக்ககாலத் துப்பாக்கிகளை, குறிப்பாகக் கம்பி வடிவச் சனியன் பொருத்தப்பட்ட முதல் சில ஆண்டுகளின் பிரதிகளை, சேகரிப்பாளர்கள் பெரும்பொருள் கொடுத்துத் தேடுகிறார்கள். அவர்கள் பேச்சில் 'தாழ் எண்' என்பது அருமையைச் சுட்டும் அடைமொழியாகவும் வழங்குகிறது.