விமானத்தின் தோல்

1988 ஏப்ரல் 28. ஹவாய்த் தீவுகளுக்கு மேலே 24,000 அடி உயரத்தில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போனது! நம்புவீர்களா, விமானம் தரையிறங்கிவிட்டது. ஆனால், ஒரு பணிப்பெண் காற்றோடு போனவர்தான்.

ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் விமானத்தின் உடம்பு பலூன் மாதிரி லேசாகப் புடைக்கும், இறங்கினால் சுருங்கும். அந்த விமானத்துக்கு இப்படி 89,000 தடவைக்கு மேல். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள், புரியும். கூடவே கடற்காற்றின் அரிப்பு வேறு.

இதற்கான மருந்தை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய அலுமினியத் தகடு, அதன்மேல் பிசினில் ஊறிய கண்ணாடி இழை, மறுபடி தகடு... அடுக்கி ஒட்டினால் 'கிளேர்'. வெறும் அலுமினியத்தைவிட எடை குறைவு. தகட்டில் விரிசல் விழுந்தாலும் இழைகள் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 2005-ல் முதன்முதலாகப் பறந்த ஏ380-ன் மேல்தோலில் இதைத்தான் போர்த்தியிருந்தார்கள்.

விரிசலே விழாத உலோகம் கிடையாது சார். விழுந்ததை ஓடவிடாமல் பிடிப்பதில்தான் இருக்கிறது நம் உயிர்!