குதிரையில்லாச் சாரட்டு

பட்டம் இழுக்க நிலத்தில் சறுக்கும் விளையாட்டுக்குப் புதிதாக வருவோர் எந்தப் பலகையை முதலில் வாங்கலாம் என்றே கேட்கின்றனர். அக்கேள்வியை நாம் வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போகாக், 1826இல் 'சார்வோலண்ட்' என்னும் பட்டவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1500 அடிக்குக் குறையாத கயிற்றில் பறந்த இரு பட்டங்கள், பலர் அமர்ந்த வண்டியை இழுத்தோடின. அக்காலச் சுங்கச்சாவடிகளில் குதிரைகளை எண்ணியே கட்டணம் வாங்கினர். இவ்வண்டிக்குக் குதிரையும் இல்லை, கட்டணமும் இல்லை!

எனினும் போகாக்கின் மேதைமை வேகத்தில் இல்லை, அடக்குவதில் இருந்தது. நான்கு கயிறுகளால் பட்டத்தை ஆண்டார். முன்சக்கரங்களைத் திருப்ப ஒரு கைப்பிடி; வண்டியை நிறுத்தச் சாலையில் ஊன்றும் ஒரு தண்டு.

காற்றின் தயவை நம்பிய அவ்வண்டி அன்றாட ஊர்தியாக நிலைக்கவில்லை. 1990ஆம் ஆண்டையொட்டி நியூசிலாந்தின் பீட்டர் லின் மூன்று சக்கரப் பட்டவண்டியைப் பரப்பினார். அதே பத்தாண்டில், பனியில்லாக் கோடையிலும் சரிவுகளில் சறுக்க விரும்பிய அமெரிக்க இளைஞர்கள், காற்றடைத்த நான்கு சக்கரங்களைப் பூட்டி மலைப்பலகையை வளர்த்தெடுத்தனர். பின்னர் பட்டம் அதனோடும் சேர்ந்தது.

போகாக்கின் ஊன்றுதண்டு மட்டும் பலகைக்கு வரவில்லை. பட்டம் இழுக்கும்போது அதை நிறுத்தவல்லது பட்டத்தின் விசையைக் கைவிடும் பயிற்சியே. ஆகவே முதற்பலகை நீண்டு அகன்றதாக, பெரிய சக்கரங்களோடு, விழுகையில் பாதத்தை விடுவிக்கும் பட்டைகளோடு இருக்கட்டும். அதற்கும் முன்னதாகப் பட்டத்தை அடக்கக் கற்போம். நிற்கத் தெரிந்த பின்னரே ஓட்டம்.