கல்லறையில் பெயர் வாங்கிய கல்!

கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்குப் போனால், ஜோப் சார்னாக் கல்லறையின் கரும்பலகையைக் கிட்டே போய்ப் பாருங்கள். அது நம்ம சென்னைப் பக்கத்துக் கல்!

கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட்டான சார்னாக் இறந்தது 1693-ல். இருநூறு வருஷம் கழித்து, 1893-ல்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் நிபுணர் அந்தக் கல்லின் ஜாதகத்தைக் கணித்தார். பருமனான மணிகள்... குவார்ட்ஸ் இருக்கிறது, ஃபெல்ஸ்பாரும் இருக்கிறது. அப்படியானால் கிரானைட்தானே? அங்கேதான் சிக்கல்! கிரானைட்டில் வழக்கமாக மினுக்கும் மைக்காவுக்குப் பதிலாக ஹைப்பர்ஸ்தீன் என்கிற கனிமம். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளிலும் அச்சு அசலாக இதே கூட்டணி! கல்லின் பூர்வீகம் பிடிபட்டுவிட்டது.

புது ரகப் பாறைக்கு ஹாலண்ட் வைத்த பெயர் 'சார்னோகைட்'. (ஊர் நம்முடையது, பெயர் வெள்ளைக்காரருடையது!) கொல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் அல்ல என்று 2003-ல் ஹைகோர்ட் சொல்லிவிட்டது. பாறையின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.