மலிந்த அருளும் விலையுள்ள அருளும்

தகுதி பாராது இறைவன் மனிதருக்கு அளிக்கும் கொடையே அருள் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. புரட்டஸ்தாந்தியர் இதனைக் கிருபை என்பர். நான் இதனை வெறும் இறையியல் சொல்லாகக் கருதவில்லை. யார், யாருக்கு, எச்சூழலில் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் அரசியல் மாறுகிறது. ஜேர்மன் திருச்சபையின் வரலாறு இதற்குச் சான்று.

1517இல் மார்ட்டின் லூதர் கிளர்ந்தெழுந்ததற்கு உடனடிக் காரணம் பாவமன்னிப்புச் சீட்டுகளின் விற்பனை. மீட்பு அருளால் மட்டுமே கிட்டும் என்ற அவரது வாதம், மன்னிப்பைக் காசாக்கிய அதிகாரத்துக்கு எதிரான குரலாக இருந்தது.

நானூறு ஆண்டுகளின் பின் அதே போதனை வேறு முகம் காட்டியது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், 'ஜேர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கத்தினர் யூத வம்சாவளியினரான போதகர்களைப் பதவிநீக்க முனைந்தனர். சபையினரில் பெரும்பாலோர் மௌனம் காத்தனர். ஞாயிறு ஆராதனைகளில் பாவமன்னிப்பு மட்டும் குறைவின்றி அறிவிக்கப்பட்டது. டீற்றிஷ் பொன்ஹோபர் 1937இல் வெளியிட்ட நூலில் இதனையே மலிவான அருள் என்று சாடினார். மனமாற்றத்தைக் கோராத மன்னிப்பு, பாவியை அல்ல, பாவத்தையே நியாயப்படுத்துகிறது என்பது அவர் வாதம். 1939இல் நியூயோர்க்கில் பாதுகாப்பாகத் தங்கும் வாய்ப்பிருந்தும் சில வாரங்களில் நாடு திரும்பினார். 1945 ஏப்ரல் 9ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார்.

நிபந்தனை விதித்தால் அது அருளாகுமா என்று விசுவாசிகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பொன்ஹோபர் சொன்ன விலை, அருளைப் பெறச் செலுத்தும் கட்டணமல்ல. பெற்றவனின் வாழ்வில் அது கோரும் மாற்றம்.

1945 ஒக்ரோபரில் ஸ்ருட்கார்ட்டில் கூடிய திருச்சபைத் தலைவர்கள் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அந்த அறிக்கையில் யூதர் என்ற சொல்லே இல்லை. யூதருக்கு எதிரான குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்று திருச்சபையின் பேரவை சொல்ல 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொல்லப்பட்டவரைக் குறிப்பிடாமலே கொலைக்கு மன்னிப்புப் பெற முயல்வதும் மலிவான அருளே.

'மறப்போம், மன்னிப்போம்' என்ற குரல் எம்மிடையேயும் ஒலிக்கிறது. அரசு புரிந்த படுகொலைகளைப் பேசும்போது அதனை ஏற்க மறுக்கும் நாம், எம் இயக்கங்கள் சொந்த மக்களைக் கொன்றதைப் பேசும்போது மட்டும் அதே சுலோகத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறோம். மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுடையது. அவர்கள் சார்பில் அதனை வழங்க அரசுக்கோ, திருச்சபைக்கோ, புகலிடத்தில் இருந்து எழுதும் எமக்கோ உரிமையில்லை. உண்மையைப் பெயர் சொல்லிப் பேசுவதே நாம் முதலில் கொடுக்கவேண்டிய விலை.