ஈஸ்ட்டும் ஓர் அறுபதாண்டு வழக்கும்

ரொட்டியைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே எண்ணற்ற சிறு துளைகளைக் காண்கிறோம். கோதுமை மாவிலுள்ள அமைலேஸ் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. அச்சர்க்கரையை ஈஸ்ட் மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. பிசையும்போது மாவினுள் சிக்கிய காற்றுக் குமிழிகளில் அவ்வாயு சேர, அவை பருக்கின்றன. குளூட்டன் என்னும் புரத வலை வாயுவை வெளியேறவிடாது தாங்குகிறது. அடுப்பின் வெப்பத்தில் ஈஸ்ட் மடிகிறது, மதுசாரத்தின் பெரும்பகுதி ஆவியாகிறது, துளைகள் நிலைத்துவிடுகின்றன.

இன்று பள்ளி மாணவரும் அறிந்த இச்செய்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அறுபது ஆண்டுகள் நீடித்த வழக்காக இருந்தது. நொதித்தல் உயிரின் செயலா, வேதிவினையா என்பதே கேள்வி.

ஈஸ்ட்டின் நுண்துகள்களை லீவன்ஹூக் 1680ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கியில் கண்டார். ஆயினும் அவை உயிருள்ளவை என்று அவர் கருதவில்லை. 1837 வாக்கில் பிரான்சின் கானியார் டி லா தூர், ஜெர்மனியின் ஷ்வான், குட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஆராய்ந்து, ஈஸ்ட் வளர்ந்து பெருகும் உயிரே என்றனர்.

அக்காலத்தில் வேதியியல் உலகில் பெருஞ்செல்வாக்குடன் விளங்கியவர் லீபிக். அழுகும் புரதப் பொருளின் அதிர்வு சர்க்கரையைச் சிதைப்பதே நொதித்தல் என்பது அவர் கொள்கை. 1839இல் அவரும் வோலரும் தம் ஆய்விதழில் பெயர் குறிப்பிடாமல் ஒரு நையாண்டிக் கட்டுரை வெளியிட்டனர். வாலைக் குடுவை வடிவிலான சிறு விலங்குகள் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தைக் கழிக்கின்றன என எழுதி, உயிர்க்கொள்கையினரை எள்ளி நகையாடினர்.

நகைப்புக்கு விடை சோதனையாக வந்தது. 1860இல் பாஸ்டர் தம் ஆய்வினை வெளியிட்டார். சர்க்கரை, அம்மோனிய உப்பு, ஈஸ்ட்டின் சாம்பல் ஆகியவற்றை மட்டும் நீரில் கரைத்து, அதில் சிறிதளவு ஈஸ்ட்டை இட்டார். அழுகுவதற்கென எந்தப் புரதப் பொருளையும் சேர்க்கவில்லை. ஆயினும் ஈஸ்ட் பெருகியது, சர்க்கரை நொதித்தது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1897இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலுடன் அரைத்துப் பிழிந்து, உயிரணுக்கள் அற்ற சாற்றைப் பெற்றார். அது கெடாதிருக்கச் சர்க்கரை சேர்த்தபோது சாற்றில் குமிழிகள் எழுந்தன. உயிரணு இன்றியும் நொதித்தல் நிகழ்ந்தது! இக்கண்டுபிடிப்புக்காக 1907இல் அவர் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

எனவே நொதித்தல் வேதிவினையே என்பதில் லீபிக் பிழைபடவில்லை. அவர் கூறிய காரணமே பிழை. அவ்வினையை நிகழ்த்தும் பொருளை ஆக்குவது உயிரே என்பதால் பாஸ்டரின் சோதனையும் பொய்க்கவில்லை. இருவரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பற்றியிருந்தனர்.

இவ்வரலாறு சொல்லிலும் பதிந்துள்ளது. ‘ஈஸ்ட்டினுள்’ எனப் பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து ‘என்சைம்’ என்னும் பெயரைக் கூனே ஆக்கினார். தமிழும் அதனை ‘நொதி’ என்றே வழங்குகிறது. நொதித்தலோடு உறவுடைய சொல் அது. இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் அதன் பின்னுள்ள வழக்கையும் எடுத்துரைத்தல் நன்று. புகழோ எள்ளலோ ஓர் உண்மையைத் தீர்மானிப்பதில்லை, சோதனையே தீர்மானிக்கிறது என்பதை மாணவர் அதனால் உணர்வர்.