வரிசையில் கூடுதலாக ஒருவர் நின்றால்

2009 அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. ஓட்டலில் பரிமாறும் வேலை, கடையில் கல்லா வேலை என்று மணிக்கணக்குக் கூலிக்கு உழைத்து, துணையின்றிப் பிள்ளைகளை வளர்த்துவந்த பெண்களுக்கு அது கொடுங்காலம். அப்படி ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு, வேறு வருமானமே இல்லாமல் மிசிசிப்பி மாநிலத்தில் உதவிக்கு விண்ணப்பித்தாள் என்று வைத்துக்கொள்வோம். ரொக்க உதவித் திட்டமான டானஃப் அவளுக்கு அதிகபட்சமாகத் தரக்கூடியது மாதம் 170 டாலர். உணவு உதவித் திட்டமான ஸ்நாப், பழைய பெயரில் ஃபுட் ஸ்டாம்ப், மாதம் 526 டாலர் வரை தந்தது. வாடகையை இதில் எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவள்தான் யோசிக்க வேண்டும்.

தொகையில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வு உடனே கண்ணில் படும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, நெருக்கடி முற்றியபோது இரண்டு திட்டங்களும் நடந்துகொண்ட விதம். 2007 டிசம்பரிலிருந்து 2009 டிசம்பருக்குள் உணவு உதவி பெறுவோர் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடினார்கள். ரொக்க உதவியில் கூடியது 13 விழுக்காடுதான். சில மாநிலங்களில் வேலையிழந்தோர் பெருகப் பெருக ரொக்கப் பட்டியல் சுருங்கவே செய்தது. ஒரே நாடு, ஒரே மந்தநிலை, பெரும்பாலும் அதே தாய்மார்கள். பிறகு ஏன் இப்படி?

விடை, செலவை யார் ஏற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. உணவு உதவியில் தகுதியுள்ளவர் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். அந்த உதவித்தொகை முழுவதும் வாஷிங்டனின், அதாவது மத்திய அரசின், கஜானாவிலிருந்து வந்தது. நிர்வாகச் செலவில் மட்டும் மாநிலத்துக்குப் பாதிப் பங்கு. ஆகவே வரிசையில் கூடுதலாக ஒருத்தி வந்து நின்றால் மாநிலத்துக்குப் பெரிய நட்டமில்லை. அவள் வாங்கும் பாலும் ரொட்டியும் உள்ளூர்க் கடைக்கு வியாபாரம் என்பதால் லாபம் என்றுகூடச் சொல்லலாம். 2009 ஏப்ரலில் உச்சத் தொகை 13.6 விழுக்காடு உயர்த்தப்பட்டதும் இதே வழியில் எளிதாகப் போய்ச் சேர்ந்தது. 2013-இல் 4 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் இந்த உதவியில் இருந்தார்கள்.

ரொக்க உதவியின் கதை 1996 ஆகஸ்டில் மாறியது. அதுவரை இருந்த பழைய திட்டத்தில், மாநிலம் செலவழிக்க வாஷிங்டன் தன் பங்கைத் தந்துகொண்டிருந்தது. கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம் அதை ஒழித்து, ஆண்டுக்கு 1,650 கோடி டாலர் என்று மொத்தமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. விலைவாசி ஏறினாலும் ஏழைகள் பெருகினாலும் அந்தத் தொகை ஏறவில்லை. கூடவே வாழ்நாளில் 60 மாத வரம்பு, வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேர வேலை நிபந்தனை. பொருளாதாரம் செழித்த 1990களின் கடைசியில் தனித்தாய்மார்கள் திரளாக வேலைக்குப் போனார்கள் என்பது உண்மை. சீர்திருத்தத்தை ஆதரித்தவர்கள் காட்டும் அந்தச் சான்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வேலையே இல்லாத ஆண்டுக்கு அந்தச் சட்டத்தில் என்ன ஏற்பாடு இருந்தது? நெருக்கடிக்கால நிதி ஒன்று இருந்தது. சிறியது, விரைவில் தீர்ந்தது.

மந்தநிலை வந்ததும் மாநிலங்களின் வரி வருவாய் விழுந்தது. வரவுக்கு மேல் செலவு செய்ய அநேகமாக எந்த மாநிலத்துக்கும் சட்டம் இடம் தராது. புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு குடும்பமும் மாநிலத்தின் சொந்தச் செலவு. விளைவு, தேவை மிகுந்த நேரத்தில் வெட்டு. அரிசோனா 60 மாத வரம்பை 36 ஆக்கி, பிறகு 24 ஆகக் குறைத்தது. கலிஃபோர்னியா 2011-இல் 48 ஆக்கியது. 1996-இல் பிள்ளைகளோடு வறுமையில் இருந்த 100 குடும்பங்களுக்கு 68 குடும்பங்கள் ரொக்க உதவி பெற்றன, 2010-இல் 27.

மாநில அதிகாரிகளின் கல்நெஞ்சம்தான் காரணம் என்று முடிவுகட்டத் தோன்றும். அதை மறுக்கும் ஒரு சோதனை இடையில் நடந்தது. 2009-இல் ஒபாமா அரசு டானஃபுக்கு 500 கோடி டாலர் அவசர நிதி ஒதுக்கி, மாநிலங்கள் செய்யும் கூடுதல் செலவில் 80 விழுக்காட்டைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. சிக்கனம் பேசிய மாநிலங்களும் முன்வந்தன. கூலியில் பெரும்பங்கை அரசு ஏற்ற மானிய வேலைகள் மட்டும் சுமார் 2,60,000 பேருக்குக் கிடைத்தன. 2010 செப்டம்பர் 30-உடன் நிதி காலாவதியானது. பல மாநிலங்களில் வேலைகளும் போயின.

இதனால் உணவு உதவியே போதும் என்று ஆகிவிடாது. அந்த உதவி வரும் அட்டையில் சோப்பு வாங்க முடியாது, குழந்தைக்கு டயப்பர் வாங்க முடியாது, மின்கட்டணம் கட்ட முடியாது. ஆய்வாளர்கள் கேத்ரின் எடினும் லூக் ஷேஃபரும் 2015-இல் வெளியிட்ட நூலில், கையில் ரொக்கமே இல்லாத குடும்பங்கள் உணவு உதவியைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பாதி விலையை ஒட்டி விற்றுக் காசாக்கியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைகளின் தட்டில் ஒரு பகுதி போய்த்தான் வீட்டில் விளக்கு எரிந்திருக்கிறது. வறுமையை இரண்டாகக் கூறுபோட்டு ஒரு கூறுக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

மொத்தத் தொகையாகக் கொடுத்த பணத்துக்கு வேறு ஆபத்தும் உண்டு. எதற்குச் செலவிடலாம் என்பதில் மாநிலத்துக்குக் கிடைத்த தாராளத்தால் அது கல்லூரி உதவித்தொகைக்கும், பட்ஜெட் பள்ளங்களை நிரப்பவும் போயிற்று. அன்று 170 டாலருக்கு மேல் தர மனமில்லாதிருந்த அதே மிசிசிப்பியில், பின்னாளில் பல்கலைக்கழகக் கைப்பந்து அரங்கத்துக்கு இந்த நிதி திருப்பிவிடப்பட்டது அம்பலமாகி வழக்குகள் நடந்தன.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், வழங்கலில் தவறு விகிதம் 6 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள மாநிலங்கள் உணவு உதவித்தொகையில் 5 முதல் 15 விழுக்காடு வரை தாமே ஏற்கவேண்டும் என்கிறது. இது 2027 அக்டோபரில் தொடங்கும். அதற்கு ஓராண்டு முன்பே நிர்வாகச் செலவில் மாநிலப் பங்கு பாதியிலிருந்து முக்கால் பங்காக உயரும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இல்லாத தாய்க்கு வேலை நிபந்தனையும் வந்துவிட்டது. அடுத்த மந்தநிலையில் மாநில நிதித்துறைகள் ரொக்க உதவிக்குப் போட்ட கணக்கையே உணவுக்கும் போடத் தொடங்கும்.