புல் வெட்டும் மெஷினும் துணி மில்லும்



போன வாரம் வீட்டுப் புல் வெட்டும் மெஷின் மக்கர் செய்தது. உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவர் வந்து கார்புரேட்டரைக் கழற்றினார்.

"நாலு மாசமா பெட்ரோல் உள்ளேயே கெடந்திருக்குதுங்க சார். பிசினாட்டம் ஆகி ஜெட் ஓட்டைய அடைச்சிருச்சு. பெட்ரோல் பத்தாம இஞ்சின் எறங்குது, கவர்னர் இழுத்துத் தூக்குது, அதான் இப்படி."

ஜெட்டைக் கழுவி ஊதி மாட்டினார். புது பெட்ரோலில் சீராக ஓடியது.

"உனக்குக் கணக்கு ஏறவே ஏறாது" என்று அவரை வகுப்பில் திட்டியவன் நான். பதிலுக்குத் தர என்னிடம் இருந்தது சரித்திரம்தான். சொன்னேன்.

இந்த மெஷின் பிறந்தது தோட்டத்தில் அல்ல, துணி மில்லில். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் வட்டாரம் கம்பளித் துணிக்குப் பேர் போனது. துணிமேல் எழும்பும் பிசிறை உருளைக் கத்தியால் ஒரே மட்டமாக வெட்டும் மெஷின் அங்கே உண்டு. அதே உருளையைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளினால் புல்லும் வெட்டுமே என்று எட்வின் பட்டிங் என்பவர் யோசித்து, 1830-இல் காப்புரிமை வாங்கினார். அதுவரை நீளக் கைப்பிடி அரிவாள்தான். பிறகு ஆள் தள்ளினார்கள், குதிரை இழுத்தது, நீராவியும் வந்தது. ரான்சம்ஸ் கம்பெனி பெட்ரோல் இஞ்சின் பூட்டி விற்றது 1902-இல். (என் மெஷினில் கத்தி ஃபேன் மாதிரி சுற்றும், அது பிற்கால மாற்றம்.)

"அப்ப நம்ம ஷியரிங் மெஷினுக்கு இது தம்பிங்க சார்!" என்றார்.

பனியன் ஊரிலேயே காலம் தள்ளிய எனக்கு அது தோன்றவில்லை. கூலியும் வாங்காமல் போய்விட்டார்.